டைம்பேஸும் சந்தனப் பொட்டும்

17 செப்ரெம்பர் 2024, செவ்வாய்

டைம்பேஸ் செத்துவிட்டது. மூன்று நாளாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது, இன்று காலை ஒரேயடியாகப் போய்விட்டது. மின்னலையைக் காட்டும் ஸ்கோப்பைப் போட்டால் திரையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி நிற்கிறது. இடப்பக்கப் பொந்தில் செருகியிருக்கும் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, அது வோல்ற்றை ஒழுங்காகப் பார்க்கிறது. வலப்பக்கத்து டைம்பேஸ் பெட்டிதான் அந்தப் புள்ளியை இடமிருந்து வலமாக இழுத்துப் போய் நேரத்தைக் காட்ட வேண்டும். அது இல்லாமல் நான் அரைக் குருடி.

கழற்றிப் பார்த்தேன். எரிந்த ஐ.சி. ஸ்கோப் கொம்பனி தனக்கென்றே செய்தது. இப்போது ஒருவரும் செய்வதில்லை.

“உந்தப் பழசோடை மாரடிக்கிறதை விட்டிட்டுப் புதுசொண்டு பாருமன்” என்றார் கோபிசங்கர். கட்டின நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறார். இந்த ஸ்கோப் பதினாறு வருடமாக என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. மனிசரைப் பற்றி அப்படி எழுத ஏலாது, கட்டினவரையும் சேர்த்துத்தான்.

29 செப்ரெம்பர், ஞாயிறு

பிரகலாதன் அண்ணை கனடாவிலிருந்து கதைத்தார். ஒரு டைம்பேஸ் பிடித்துவிட்டாராம். ஊருக்கு வருகிற ஒருவரின் பெட்டியில் அனுப்புகிறார்.

8 ஒக்ரோபர், செவ்வாய்

வந்துவிட்டது. குழந்தைச் சட்டை இரண்டுக்கும் சொக்லேட் பெட்டிக்கும் நடுவில் சுற்றி வைத்திருந்தார்கள். செருகினேன். கோடு ஓடியது. பிரசாந்தி ரியூசனால் வந்து, “அம்மா, நீங்கள் தனிய இருந்து சிரிக்கிறியள்” என்றாள்.

வீட்டுக் கறண்டில் சரி பார்த்தேன். செக்கனுக்கு ஐம்பது அலை, ஒரு அலைக்கு இருபது மில்லிசெக்கன். திரையில் ஒரு கட்டத்துக்கு ஐந்து மில்லிசெக்கன் என்று வைத்தால் ஒரு அலை நாலு கட்டத்தில் அடங்க வேண்டும். அடங்கியது. மயிரளவு பிசகில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழையதில் நடுவிலுள்ள சின்னச் சிவப்புக் குமிழ் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இதில் பூட்டு இல்லை. விரல் பட்டாலே திரும்புகிறது, திரும்பினால் நேரக் கணக்கு எல்லாம் பிசகும். அப்படிப் பிசகினால் தெரிய, குமிழுக்கு மேலே மிளகளவில் ஒரு விளக்கு எரியும்.

11 ஒக்ரோபர், வெள்ளி

சரசுவதி பூசை. மீற்றர், குறடு, சோல்டரிங் அயன் எல்லாம் துடைத்து மேசையில் பரப்பினோம். ஸ்கோப்புக்கு நானே பொட்டு வைத்தேன். குமிழ் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். புது டைம்பேஸுக்கு விசேஷக் கவனிப்பு: சிவப்புக் குமிழுக்கு ஒன்று, மேலே விளக்குக்கும் நெற்றிப் பொட்டுப்போலத் தடிப்பாக ஒன்று. பார்க்கக் கலியாணப் பொம்பிளை மாதிரி இருந்தது. படமெடுத்து அண்ணைக்கு அனுப்பினேன்.

பூசைப் பொட்டைத் துடைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. தானாக உதிரும்வரை இருக்கும்.

12 ஒக்ரோபர், சனி

விஜயதசமி. ஏழரைக்கே சோமசேகரம் வந்து நிற்கிறார், ஒரு தனியார் மருத்துவமனையின் மனேச்சர். கையில் மருந்தேற்றும் பம்ப். ஊசிக்குழாயைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தள்ளுகிறது, பழைய வகை.

“தங்கச்சி, நல்லநாளிலை முதல் வேலை இதாய் இருக்கட்டும். ஒன்பதுக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் சாமான் வாசலைத் தாண்டவேணும்.”

போர்டில் ஒரு பாகம் கருகியிருந்தது. மாற்றி, குழாயைத் தள்ளும் மோட்டரின் துடிப்பை ஸ்கோப்பில் பார்த்துத் திருகி இருபது மில்லிசெக்கனுக்குக் கொண்டுவந்தேன். நாலு கட்டம், கச்சிதம். குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அளந்து பார்ப்பது என் வழக்கம். நேரம் எட்டேமுக்கால். விட்டுவிட்டேன். ஸ்கோப் சொன்னால் சரிதானே.

‘சரிபார்த்தது, நி.’ என்று வழக்கமான ஸ்ரிக்கரை ஒட்டிக் கொடுத்தேன். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க வாசலைத் தாண்டியது.

14 ஒக்ரோபர், திங்கள்

மிக்ஸி இரண்டு, அம்ப்ளிஃபயர் ஒன்று.

19 ஒக்ரோபர், சனி

சந்தையில் கேள்விப்பட்டேன். மீசாலை ஞானாம்பிகை அக்கா வியாழக்கிழமை சோமசேகரத்தின் மருத்துவமனையில் செத்துப்போனாவாம். போன வருடம் அவவின் ரேடியோவைத் திருத்திக் கொடுத்தேன், பலாப்பழம் கொண்டுவந்து தந்தவ.

பிரஷர் விழாமல் பிடிக்கிற மருந்தைப் பம்பில் ஏற்றியிருக்கிறார்கள். பிரஷர் விழுந்துகொண்டே போயிருக்கிறது. நேர்ஸ் கவனிக்காமல் பம்பை இடையில் நிற்பாட்டிவிட்டாள் என்கிறார்கள். முடிய வேண்டிய நேரத்திலும் குழாயில் மூன்றிலொரு பங்கு மருந்து மிச்சமாம். லவீனா என்று ஒரு பிள்ளை. வேலையால் நிற்பாட்டியாகிவிட்டது.

மூன்றிலொரு பங்கு. மீன் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

20 ஒக்ரோபர், ஞாயிறு

காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனபின் ஸ்கோப்பைப் போட்டு வீட்டுக் கறண்டைப் பார்த்தேன். நாலு கட்டத்தில் நிற்க வேண்டிய அலை மூன்றுக்கும் குறைவாக நின்றது.

கை தன்பாட்டில் சிவப்புக் குமிழுக்குப் போய்விட்டது. வலப்பக்கம் திருப்பினேன். டிக் என்று கடைசிக்குப் போய் நின்றது. அலை விரிந்து நாலு கட்டம் ஆனது. பொட்டு வைக்கும்போது என் விரல்தான் அதைத் திருப்பியிருக்கிறது. வேறு ஒருவரும் தொடவில்லை.

விளக்கு ஏன் எரியவில்லை? குமிழை மறுபடி இடப்பக்கம் திருப்பிவிட்டு, மேலே காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளும் கீழே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கு. நான் பொட்டு வைச்சு மூடிப்போட்டு அதுக்கு முன்னாலை இருந்து வேலை செய்திருக்கிறன்.

கணக்குப் பார்த்தன். இருபது எண்டு நான் விட்டது உண்மையிலை இருபத்தெட்டு, பம்ப் அவ்வளவுக்கு மெள்ளத் தள்ளியிருக்கு. நூறு மில்லி போகவேண்டிய நேரத்திலை எழுபத்தொண்டு. மிச்சம் கிட்டத்தட்ட மூண்டிலொண்டு.

அந்தப் பிள்ளை ஒண்டும் நிப்பாட்டேல்லை. நான்தான்.

21 ஒக்ரோபர், திங்கள்

கோபிசங்கரிடம் சொன்னேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“நீர் வாயைத் திறக்காதையும். அந்த மனிசி ஏற்கெனவே ஏலாத ஆள். பம்பாலைதான் செத்தது எண்டு ஆர் கண்டது? நவம்பரிலை பிரசாந்திக்குச் சோதினை. அது முடியட்டும், பிறகு யோசிப்பம்.”

யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். அதுதான் உண்மை.

31 ஒக்ரோபர், வியாழன்

தீபாவளி. ஆட்டிறைச்சி.

9 நவம்பர், சனி

லவீனா வந்தாள். ஸ்ரிக்கரில் இருந்த ‘நி.’ யாரென்று விசாரித்துக்கொண்டு, பருத்தித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி. இருபத்தாறு வயதிருக்கும். கதிரையின் நுனியில் இருந்தாள்.

“அக்கா, மணிக்கு அஞ்சு மில்லி எண்டு நான் ரேற் போட்டனான். கடைசி மட்டும் அஞ்சுதான் நிண்டது. நான் கையே வைக்கேல்லை. ஒருத்தரும் நம்பினமில்லை. உந்தப் பம்பிலை பிழை வர வழியிருக்கோ?”

ஸ்கோப் எனக்குப் பின்னால் இருந்தது.

“என்னட்டை இருந்து போகேக்கை சரியாய்த்தான் போனது” என்றேன்.

“ஓம் அக்கா” என்று தலையாட்டினாள். தேத்தண்ணி குடிக்கவில்லை. கேற்றை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனாள்.

நான் இவ்வளவு கேவலமானவள் என்று எனக்குத் தெரியாது.

10 நவம்பர், ஞாயிறு

சமைத்தேன். சாப்பிடவில்லை.

18 நவம்பர், திங்கள்

மிச்சப் பொட்டுகளும் உதிரத் தொடங்கிவிட்டன. மேசையைக் கூட்டினேன்.

27 நவம்பர், புதன்

மழை. வளவெல்லாம் வெள்ளம். சோதினையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

2 டிசம்பர், திங்கள்

சோமசேகரம் வந்தார். செத்தவவின் மகன் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, போன கிழமையே லவீனாவைப் பிடித்துவிட்டார்களாம். இரண்டு நாள் உள்ளே வைத்துப் பிணையில் விட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பேசிவைத்திருந்த கலியாணமும் நின்றுபோச்சாம். இதை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

பம்ப் எங்கே என்று கேட்டேன்.

“அதைப் பழைய இரும்போடை ஏத்திவிட்டாச்சு, தங்கச்சி. உம்மட்டைத் திருத்தக் குடுத்தது வெளியிலை வந்தால் உமக்கும் தலையிடி, எனக்கும் தலையிடி. உம்மடை பேர் எங்கையும் வராது, யோசியாதையும்.”

எனக்கு நல்லது செய்த மாதிரிச் சிரித்தார். பம்ப் இல்லை. குமிழை நானே திருப்பிவிட்டேன், சந்தனத்தை நானே சுரண்டிவிட்டேன். இனி அந்தப் பிள்ளை சொல்வதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. இந்தக் கொப்பி மட்டும் இருக்கிறது. எந்த நாளில் எந்தக் குமிழுக்குப் பொட்டு வைத்தேன், எத்தனை கட்டம் பார்த்தேன், எதை அளக்காமல் விட்டேன், எல்லாம் என் கையெழுத்தில் திகதியோடு கிடக்கிறது.

9 டிசம்பர், திங்கள்

பிரசாந்தி சோதினைக்குப் போனபின் கொப்பியைக் கோபிசங்கரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தையும் வாசித்துத் தாளைப் புரட்டினார்.

“இதைக் குடுத்தால் எல்லாத்தையும்தான் வாசிப்பினம். அந்தப் பிள்ளை வந்த அண்டு எழுதினதையும்.”

“ஓம்.”

“அந்தத் தாளை எண்டாலும் எடுத்துவிடுமன்.”

நூல் கட்டிய கொப்பி. அந்தத் தாளை இழுத்தால் மறுபாதியும் கழன்று வரும், கொப்பியில் கைவைத்தது யாருக்கும் விளங்கிவிடும். அப்படி இல்லாவிட்டாலும் நான் கிழித்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. நிச்சயமாகத் தெரியவில்லை.

மனிசன் எழும்பிப் போய் மோட்டார்சைக்கிளை வெளியில் எடுத்தார். “ஏறும்” என்றார். முதலில் லவீனாவின் சட்டத்தரணியிடம், பிறகு பொலிஸுக்கு. இதை எழுதி முடித்துவிட்டு வாறன் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்தது.

18 பெப்ரவரி 2025, செவ்வாய்

புதுக் கொப்பி. பழையது கோட்டில் வழக்குச் சான்றாக இருக்கிறது. டைம்பேஸையும் கழற்றிக்கொண்டு போய், நூல் கட்டி அரக்கு வைத்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக நான் ஒன்றும் திருத்தவில்லை. ஒருவரும் கொண்டுவரவும் இல்லை.

இன்று லவீனாவை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். இனி வழக்கு என்மேலும் சோமசேகரத்தின்மேலும். எனக்குப் பிணை கிடைத்தது. ஞானாம்பிகை அக்காவின் மகன் பின்வாங்கில் இருந்தார், கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

லவீனாவின் சட்டத்தரணி கொப்பியைத் திகதி திகதியாக வாசித்தார். பொட்டு வைத்ததை வாசிக்கும்போது பின்னால் இருவர் சிரித்தார்கள். ஒக்ரோபர் இருபதாந் திகதியையும் வாசித்து முடித்தார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. எனக்குத் தெரியவந்த நாளுக்கும் நான் வாய் திறந்த நாளுக்கும் நடுவில் ஐம்பது நாள். தீபாவளி, ஆட்டிறைச்சி. சமைத்தேன், சாப்பிடவில்லை. மழை, வேறொன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில், ஆறுதலாக.

வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். கோபிசங்கர் சோடா வாங்கப் போனார். லவீனா தகப்பனோடு வந்தவள், அவரை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியே என்னிடம் வந்தாள். மெலிந்துவிட்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“அக்கா, நவம்பர் இருபத்தேழாந் திகதிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவை. ரோட்டெல்லாம் வெள்ளம், ஜீப் வரேல்லை. சனம் பாக்கப் பாக்க முழங்கால் தண்ணிக்குள்ளாலை நடந்து போனனான்.”

அவ்வளவுதான் சொன்னாள். என்னை மன்னிச்சுக்கொள் என்று நான் சொல்ல வாயெடுக்க முன் தகப்பன் கூப்பிட்டார், பஸ் வந்துவிட்டது.

இன்று மழை இல்லை. இவ்வளவும் நடந்தது.