ஒரு ஸ்டூல் அளவு காற்று

மார்ச் 4

காற்றடிக்கும் கம்ப்ரஸர் முடிவாகிவிட்டது. மரச்சாமான்களுக்கு லாக்கர் மெருகு அடிக்கத் தங்கை கேட்டது, பெல்ட் போட்ட இரட்டை சிலிண்டர் பூதம். கடையில் ஓட்டிக் காட்டியபோதே எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அவள் பட்டறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே சுவர். நான் தேர்ந்தெடுத்தது சத்தமில்லாத ரகம். டேங்கும் பெரிசு.

"டேங்க்கப் பாக்காதக்கா. நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து தள்ளுதுன்னு பாரு. ஸ்ப்ரே கன் குடிச்சிட்டே இருக்கும்."

"பெரிய குடம்டி. மெதுவாக் குடிக்கட்டும்."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9

வந்து இறங்கியது. பூனை மாதிரி உறுமுகிறது. மதியம் நன்றாகத் தூங்கிவிட்டேன். "கும்பகர்ணி, மிஷின் ஓடினது தெரியுமா?" என்று எழுப்பினாள்.

ஏப்ரல் 2

பெரிய கதவு ஒன்று. மேல்பாதி கண்ணாடி மாதிரி வழவழப்பு, கீழ்ப்பாதி ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. "என் கைதான் சரியில்ல" என்றாள். அவள் கைக்கு இப்படி வந்து பார்த்ததே இல்லை. வெயிலாக இருக்கும்.

ஜூன் 17

ஸ்டூல், நகைப்பெட்டி, படச் சட்டம். தங்கைக்கு இப்போதெல்லாம் சின்னப் பொருள்கள்மேல்தான் மோகம். பத்துப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன் என்று வாங்கிய அகலத் தேக்குப் பலகை, வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கேட்டால், "செய்யலாம்க்கா, என்ன அவசரம்" என்கிறாள். ஆசை சுருங்குகிற வயதுதானே எங்களுக்கு?

ஆகஸ்ட் 21

தேநீர் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முகமூடிக்குள் இருந்தவள் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு ஸ்டூலுக்கு அடித்தாள். கன்னை இறக்கினாள். பேருந்துக்குக் காத்திருப்பவள் போல கம்ப்ரஸர் மீட்டரின் முள்ளையே பார்த்து நின்றாள். முள் ஏறியதும் அடுத்த ஸ்டூல்.

"ஏண்டி நிக்கிற?"

"காத்து எறங்கிடுச்சு. ஒரு ஸ்டூலுக்குத்தான் தாங்கும்."

"அப்போ மேசைக்கு?"

"நடுவுல நின்னா மொதல்ல அடிச்சது காஞ்சிடும். கோடு விழும்." கன்னின் முனையைத் துடைத்துக்கொண்டே, "நீ தூங்கறியேன்னு விட்டுட்டேன்."

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே— சொன்னாளே! கடையிலேயே சொன்னாளே. நான்தான் குடம் கிடம்னு ஜோக் அடிச்சுக்கிட்டு—

அவள் ஆசை சுருங்கவில்லை. என் மதியத் தூக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி அதை அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 22

கடைக்குப் போன் போட்டு அந்த இரட்டை சிலிண்டர் பூதத்துக்குச் சொல்லிவிட்டேன். உடனே வேண்டும் என்றேன்.

பிறகுதான் பட்டறைச் சுவரைப் பார்த்தேன். பலகை நின்ற இடத்தில் தரை மட்டும் வெளிறிக் கிடந்தது.

"போன மாசமே அறுத்துட்டேன்க்கா. நேத்து நீ பார்த்தியே, அந்த ஸ்டூலெல்லாம் அதுதான். நல்லாத்தானே வந்திருக்கு?"

நன்றாகத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பர் 12

பூதம் வந்துவிட்டது. சுவர் அதிர்கிறது. காதில் வைத்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவு ஒன்றுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். பாதிவரை ஒரே மூச்சாகப் போனாள். சட்டென்று விரலை எடுத்தாள். திரும்பி மீட்டரைப் பார்த்தபடி நின்றாள்.

முள் இறங்கவே இல்லை.

"அடிடி! காத்து இருக்கு!" என்று கத்தினேன். இந்த இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்.

அவளாகத் திரும்பியபோது கோடு விழுந்துவிட்டிருந்தது. முகமூடியை இறக்கினாள்.

"நின்னு நின்னு பழகிடுச்சுக்கா. காயட்டும், தேச்சுக்கலாம்."