வாசல் அரளியும் பட்டாளத்தானும்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு நேரத்துக்கு நேரம் பசி, வேறு குறையில்லை. அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும்.

வாசல் அரளியை வெட்டினால்தான் வருவேன், பயல் கண்டதையும் வாயில் வைக்கிறான், அது விஷம் என்று நீ போனில் கறாராகச் சொல்லிவிட்டாய். அரிவாளோடு போனால் கிளையெல்லாம் பட்டாளத்தானின் பிள்ளைகள்! ஞாபகமிருக்கிறதா, பச்சைப் புழு, வாலில் கொம்பு, தொட்டால் இரண்டு நீலக் கண்ணை உருட்டுமே. கண்ணே இல்லையாம், வெறும் பொட்டு. ஒவ்வொன்றும் வாழைப்பழம் தண்டி, உன் அம்மா விரல் தண்டி என்பார், நம்பாதே. அதுதான் வளர்ந்து பச்சையும் ரோஸுமாக, ராணுவச் சட்டை போட்ட பூச்சியாகும். பட்டாளத்தான் என்று பேர் வைத்ததே உன் அப்பாதான். அவர் இருந்த காலத்தில் ஒருநாள் அது அவர் சட்டைப்பை மேல் உட்கார்ந்துவிட, தட்டிவிடாமல் அப்படியே அச்சகத்துக்குப் போனார். என்னண்ணே, மெடல் குத்திட்டு வந்திருக்கீங்க என்று பைண்டர் கேலி செய்தாராம். சாயங்காலம் அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் பக்கம் வரை அதற்குச் சொந்த ஊர், கோடையில் கடல் தாண்டிக் குளிர்தேசத்துக்கும் பறக்கும். அங்கே போவதெல்லாம் நம் வீட்டு அரளி தின்றதுதான் என்று டீக்கடையில் நான் நிரூபித்தாயிற்று.

அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை. செம்பருத்தியில் விட்டேன், சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. எதிர்வீட்டுக் கம்பவுண்டரிடம் நந்தியாவட்டை இருக்கிறது, அதைத் தின்னும். குடையைக் கவிழ்த்துப் புழுக்களைச் சுமந்து போனேன். யோவ், உன் வீட்டுப் பூச்சிக்கு என் வீட்டுல பந்தியா என்று கத்தினார். இதைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வருவான் என்று ஒரு போடு போட்டேன். இப்போது அவரே நாற்காலி போட்டுக் காவல் காக்கிறார்.

பிறகு வெட்டினேன், வேரோடு. உன் அம்மா ஒரு கிளையைக் கையில் எடுத்து, உங்க அண்ணன் வச்சது தம்பி என்றார். அரளிப் பால் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு, பயலுக்குத் தொப்பி மறக்காதே. எல்லாரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருங்கள். செடி போனதில் முன்னறையிலிருந்து தெருமுனை வரை தெரிகிறது. உன் அம்மா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்.

உன் பிரியமுள்ள
சித்தப்பா