மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நண்பரின் மனைவி எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் கழித்து இந்த வீட்டிலிருந்து வரும் கடிதம், அதுவும் என் கையெழுத்தில். பயந்துவிடாதீர்கள், அவர் இருக்கிறார். நீங்கள் பார்த்தேயிராத எங்கள் மகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உங்கள் முகவரியை, ஓட்டலில் அவரோடு வாசிக்கும் பியானோக்காரர்தான் கொடுத்தார்.

போன வருடம் உங்கள் நண்பருடைய இடக்கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயின. கழுத்து நரம்பு, இனிமேல் தேறாது என்றார் டாக்டர். ஆளுயர டபுள் பாஸின் தடித்த கம்பிகளை முப்பது வருடம் அழுத்திய கைக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை. என்னிடம் மட்டும்தான் கையை நீட்டுவார். ஆனாலும் மூன்று மணியானால், அந்த பாஸை எனக்கு மூத்தாள் என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அவளை டாக்சியில் சாய்த்து ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மாத்திரையை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஓட்டலின் பின்வாசலில் நின்றேன். பியானோக்காரர் வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சுரம் பிசகுகிறது என்று உங்கள் நண்பரை வேலையிலிருந்து நிறுத்தி மூன்று வாரமாயிற்றாம். பாஸ் வாசிக்க வேண்டியதையும் பியானோவின் இடக்கையே பார்த்துக்கொள்கிறதாம். "பாஸ் எங்கேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே" என்று மேலாளர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம்.

பாஸ் நின்றால்தான் அது இருந்ததே தெரியும் என்று அவர் பெருமையாகச் சொல்வார், அண்ணா. நின்றது. யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவர் பின்னாலேயே போனேன். டயர் கடை மாடியில் நீங்கள் இருவரும் ஒத்திகை பார்த்த அறைக்குத்தான் போகிறார். கதவு பாதி திறந்திருந்தது. பாஸைத் தோளில் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். இடக்கை தொங்கிக்கொண்டிருந்தது. வலக்கை மட்டும் வெறும் கம்பிகளைத் தாளம் தப்பாமல் மீட்டிக்கொண்டிருந்தது. உங்கள் சாக்சபோன் வர வேண்டிய இடத்தில், நீங்கள் நிற்கும் பக்கம் தலையைத் திருப்பினார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவரிடம், இன்றைக்கு எப்படி என்று கேட்டேன். "நல்ல கூட்டம்" என்றார். சாப்பாடு எடுத்து வைத்தேன். வேறென்ன செய்ய?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று நீங்கள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டபோது, தனக்கு இஷ்டமில்லை என்று உங்களுக்கு எழுதினார். இஷ்டம் இருந்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டார். நான்தான் ஆறு மாத வயிற்றோடு வாசலை மறித்து உட்கார்ந்தேன். உங்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடமும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. நீங்கள் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டியது அவரிடம் அல்ல, என்னிடம்.

அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். கையைப் பற்றிக் கேட்க வேண்டாம், நான் எழுதியதும் தெரிய வேண்டாம். ஏன் வரவில்லை என்று திட்டியாவது எழுதுங்கள். பதில் எழுத அவருக்கு வலக்கை இருக்கிறது.

உங்கள் மூச்சுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை