கெண்டைக்கால் வலி

இன்று விடிந்ததும் ஓடப் புறப்படுவதற்காகப் பையைத் திறந்தேன். கற்பூராதித் தைலத்தின் வாடை முகத்தில் அடித்தது. உன் குப்பிதான். அதன் மூடி என்றைக்குமே சரியாக மூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து என் சாக்ஸிலெல்லாம் அந்த வாடை ஏறிவிட்டது. போன மழைக்காலத்துக்குப் பிறகு அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தொடவும் துணிவு வரவில்லை. இன்று தொட வேண்டி வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது, ஏட்டி. இரண்டு காலும்.

ஓடுகிறவளுக்குக் கால் வலிப்பது ஒரு பெரிய விஷயமா என்று யாரும் கேட்பார்கள். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும்: எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை பட்டாளத்துக்கு ஆளெடுப்பு. முதல் சோதனையே ஓட்டம். அடுத்த தடவைக்கு எனக்கு வயது கடந்துவிடும்.

உன்னை முதலில் பார்த்தது ஆற்றோரத்து மைதானத்தில். கிழக்கேகோட்டைக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணான நான் புது ஷூ கடித்து நொண்டிக்கொண்டிருந்தேன். நீ வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனாய். வித்துராவுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள். "பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில யான நிக்கும். பைய நடக்க முடியுமா? ஒரே ஓட்டம்தான்" என்று சிரித்தாய். தம்பானூரில் ஹாஸ்டலில் தங்கி, பகலெல்லாம் துணிக்கடையில் நின்று வேலை பார்த்துக்கொண்டு, என்னைப் போலவே ஆளெடுப்புக்காகக் காலையில் ஓட வந்துகொண்டிருந்தாய்.

யானையைச் சொல்லியே சிரித்தவள் ஒரு கயிற்றுக்குப் பயந்தாய். ஆளெடுப்பு ஓட்டத்தில் நேரம் முடிந்ததும் பாதைக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்துவிடுவார்கள், அதற்குப் பின்னால் வருகிறவர்கள் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மைதானத்தில் பேசிக்கொண்டார்கள். மறுநாளே நீ ஒரு தேங்காய்நார்க் கயிறோடு வந்தாய். ஒரு முனை கோல்போஸ்ட்டில். மறுமுனையைப் பிடித்தபடி ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து நிற்பாள், மற்றவள் ஓடுவாள். நேரம் முடிந்ததும் சட்டென்று இழுத்துவிட வேண்டும். நான் அதில் தட்டிக் குப்புற விழுந்தபோதுகூட நீ இரங்கவில்லை. "அங்க போயி விழுறதுக்கு இங்கயே விழு" என்றாய். அன்று உன்னை நன்றாகத் திட்டினேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஷூ சேற்றில் வழுக்குகிறது என்று எல்லோருமே வெறுங்காலில் ஓடினோம். உன் குதிகாலில் வெடிப்பு இருந்தது. அதை ஒரு புண்ணாக யார் நினைத்தார்கள்? ஒருநாள் பாதி ஓட்டத்தில் நின்று, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் தொட்டதும் கத்தினாய்.

"உனக்கு மேலு சுடுதே" என்றேன்.

"ஓடுனா சுடாதா? சாரமில்லட்டி. தைலத்தப் போடு."

ஒன்றுமில்லை, விடு என்பதற்கு மலையாளத்துச் 'சாரமில்ல' உன் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும். மைதானத்தில் மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஓடுகிறவர்கள் நடுவில் கால்வலி ஒரு பெருமை. வலி இல்லை என்றால்தான் ஒழுங்காக ஓடவில்லையா என்று கேலி செய்வார்கள். மாற்றி மாற்றித் தைலம் தேய்த்தோம். சாயங்காலம் உன் அம்மா எஸ்டேட்டிலிருந்து ஃபோனில் கேட்டபோது "நல்லாருக்கேம்மா" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "படுத்துக் கெடக்கச் சொல்லிருவாங்கட்டி. கயிறு விழுந்துரும்" என்று கையை உதறினாய்.

கண் மஞ்சளித்த பிறகுதான் உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். எலிப்பனி என்றார்கள், நம் எலிக்காய்ச்சல்தான். தேங்கிய தண்ணீரில் இருந்து கால் வெடிப்பு வழியாக ஏறும், கெண்டைக்காலை முறுக்கிப் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னபோது உன் அம்மா என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கால்வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் நீ இல்லை.

அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரைக் கண்டால் எனக்கு உடம்பு கூசும். சுற்றிக்கொண்டு போவேன். ஆனால் போன வாரத்து மழையில் தம்பானூரே முழங்கால் அளவு தண்ணீரில் கிடந்தது. பஸ்ஸிலிருந்து அதில்தான் இறங்க வேண்டியிருந்தது. ஷூ கடித்த காயம் குதிகாலில் ஆறாமல் இருந்ததை இறங்கிய பிறகுதான் நினைத்தேன்.

இன்று காலையில் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றியும் விட்டேன். தேய்த்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு உன் கதை தெரியும். வலி என்று சொன்னால் சனிக்கிழமை வாசலைத் தாண்ட விடமாட்டாள். சாரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாயிலிருந்து உன் குரல் மாதிரியே வந்தது. தைலத்தைத் தரையிலேயே கொட்டிவிட்டேன்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் கெண்டைக்கால் வலிக்கு."

தோசையைத் திருப்பாமலே அடுப்பை அணைத்தாள். "எப்பம் தொட்டு, மக்ளே?"

"இன்னைக்குத்தான்."

அவள் குடையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரத்தம் எடுத்தாகிவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. வெறும் ஓட்டத்து வலியாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். சனிக்கிழமை ஓடுவேனா, கயிற்றுக்குப் பின்னாலேயே நின்றுபோவேனா, தெரியாது. கையை எத்தனை கழுவியும் உன் தைல வாடை போகவில்லை. பயமும் போகவில்லை, போக வேண்டாம். அது இல்லாவிட்டால் நான் இந்நேரம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பேன்.

உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள்.