அந்த முகம் அப்படியே இருக்கட்டும்

ரோம்,
1949 நவம்பர்

அன்புள்ள துயிலியோவுக்கு,

ஓர்னெல்லா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். பெல்ஜியத்துச் சுரங்கத் தூசியில் இருமல் கூடிவிட்டதாக எழுதியிருந்தாய். பால் குடிக்கிறாயா?

பத்திரிகையில் வரிசையாகப் புகைப்படங்களாக வரும் காதல் கதைகளுக்கு இன்னும் வேஷம் போட்டு நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இந்த முறை கோடீஸ்வரர் மகள் வேஷம். காதலனாக வழக்கம்போல மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் நேவியோ. போன வாரம் எங்களைப் பற்றிக் குறும்படம் எடுக்கச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் மரியாதையான ஆள். எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

எங்கள் ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சலவைக்கடையில் துணி தேய்க்கும் நுன்சியா, நேவியோவின் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். இது இயக்குநர் காதுக்குப் போனது. அவளைக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் நிறுத்தினார். கதையில் நேவியோ என்னிடம் சொல்லும் வசனத்தை அவளிடம் சொல்லும்படி அவனிடம் சொன்னார். அவனும் கூசாமல், "என்னைக் கட்டிக்கிறியா?" என்றான்.

அவள் நம்பிவிட்டாள், துயிலியோ. ஈரக்கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே" என்றாள்.

அறை முழுக்கச் சிரிப்பு. நேவியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த முகம் அப்படியே இருக்கட்டும். அசையாதம்மா" என்றார் மெதுவாக. சிரித்தவர்களைக்கூட மன்னித்துவிடலாம்.

நான் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். "வெளிச்சத்த மறைக்கிற, தள்ளு" என்றார்கள். நுன்சியாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, அது வெறும் வசனம் என்று சொன்னேன். அவள் கையை உதறினாள். "உனக்குப் பொறாமை. தினமும் நீதானே அவன் பக்கத்துல நிக்கிற?" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். இன்னொரு தடவை அதே மாதிரி கன்னத்தைப் பொத்திக் காட்டினாளாம். இந்த முறை அழகாகச் செய்தாள் என்று பாராட்டினார்களாம்.

மறுநாள் காலையில் நானும் போய் நேவியோவின் தோளில் சாய்ந்து நின்றேன். போகாமல் என்ன செய்ய? அவன் மேல் அடித்த பெட்ரோல் வாடையில் மூச்சை அடக்கிக்கொண்டேன். புகைப்படத்தில் அது காதலாகத்தான் விழும்.

அந்தக் குறும்படத்தை வெளிநாட்டிலும் காட்டுவார்களாம். பெல்ஜியத்துக்கும் வரக்கூடும். அந்தப் பெண்ணின் முகம் வரும்போது கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், நீ சிரிக்காதே. அடுத்து நான் நேவியோவின் தோளில் சாய்ந்தபடி வருவேன். அப்போது எழுந்து வெளியே போய்விடு. போய் நின்று, ஊருக்கு எப்போது ரயில் என்று யாரையாவது கேள்.

கடவுள் உன் நெஞ்சைக் காக்கட்டும்.

உன்
ஓர்னெல்லா