தீர்ப்பில் இல்லாத பெயர்

மார்ச் 4

தீர்ப்பு வந்து இன்றோடு ஒரு வருடம். அறுபது நாளில் லிஃப்ட் போட வேண்டும் என்று நுகர்வோர் மன்றம் சொன்னது. லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் இன்னும் பலகைதான் அடித்திருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு இவர் நாலாம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன். "வண்டி டெப்போவுல நிக்குது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

மருந்துக்கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். வீடு கட்டிக் கொடுத்த கம்பெனி இப்போது பெயருக்குத்தான் இருக்கிறது. முதலாளி வேறு பெயரில் புதுக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். அவர் மேலேயே மனு போடலாமே என்றேன்.

"தீர்ப்பு கம்பெனி மேலதாம்மா. அதுல இல்லாத ஆளை இப்ப இழுக்க முடியாது. புகார்ல அவர் பேரையும் எழுதியிருந்தேன். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

ஆமாம், நான்தான். தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், மனசு நோகுமே என்று. என்ன புத்தி எனக்கு? என் புருஷன் மாடியில அடைஞ்சு கிடக்கிறாரேன்னு அந்த ஆள் ஒரு நாளாவது நினைச்சானா?

மார்ச் 12

இவரிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 13

விடப்போவதில்லை.

ஏப்ரல் 9

முதலாளியின் அலுவலகம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். புதுக் கம்பெனியின் பலகை பளபளக்கிறது. வாசலில் மின்கட்டணச் சீட்டு கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தால் — பழைய கம்பெனியின் பெயர். பலகையை மாற்றியவர் பத்திரத்தை மாற்றவில்லையோ? போனில் படம் எடுத்துக்கொண்டு, சீட்டைக் கதவுக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20

பதிவு அலுவலகத்தில் பத்திர நகல் கிடைத்தது. அந்த அறை இன்னும் பழைய கம்பெனியின் சொத்துதான். வக்கீல் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "ஆளைத் தொட முடியாது. அறையைத் தொடலாம்."

ஜூன் 18

மன்றத்தின் உத்தரவோடு வந்து அறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சாயங்காலமே போன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் அண்ணா. லிஃப்ட் ஓடட்டும், சீலை எடுக்க நானே எழுதிக் கொடுக்கிறேன்."

குரல் நடுங்கவில்லை.

செப்டம்பர் 2

கடைக்குக் கிளம்பும்போது இவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அறையிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை. பதறிப்போய் பால்கனிக்கு ஓடினேன். கீழே பஸ் நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டு, ஓட்டுநரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தும் அந்த பஸ்ஸை அவர் விடுவதாக இல்லை.