அக்காவின் ரத்தப் பரிசோதனை

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் அம்மா எனக்கு முதலில் பாலை நிறுத்தினாள், பிறகு காரத்தை, பிறகு பழத்தை. நான் எலும்பும் தோலுமானதுதான் மிச்சம். "பரீட்சைன்னா உனக்கு மட்டும் வயித்தக் கலக்குமா?" என்று டீச்சர் வகுப்பையே சிரிக்க வைத்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தப்பு சாப்பாட்டில் இல்லையாம். கிருமிகளை எதிர்க்கும் சக்தி என் ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாம். "பரம்பரையா வர்றது, கூடப் பிறந்தவங்களையும் பார்த்துடணும்" என்றார் டாக்டர்.

"பெரியவ நல்லாத்தான் இருக்கா. கல்யாணம் பேசுற நேரத்துல இது எதுக்கு?" என்றாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன விடுமுறையில், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு நீ கழிப்பறையிலேயே உட்கார்ந்திருந்தாய். அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான். அம்மாவின் எதிரிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை உன்னை வரச் சொன்னார். ரத்தம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு.

உன் கோள்சொல்லித் தங்கை